வால் நம் பக்கம், மூக்கு அந்தப் பக்கம்: பெங்களூரில் ரிமோட் ஹெலிகாப்டர் பழகிய கதை

"ட்ரோனா?" என்பதுதான் முதல் கேள்வி. பெங்களூரில் கையில் ரேடியோ என்கிற ரிமோட்டும் தோளில் ஹெலிகாப்டர் பெட்டியுமாக எந்த லேஅவுட்டில் போய் நின்றாலும் காவலாளி, பால்காரர், காலை நடைக்கு வந்தவர் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். இல்லை என்றால், "கேமரா இருக்கா?" அதுவும் இல்லை என்றதும் பாதிப் பேர் நடையைக் கட்டிவிடுவார்கள். நின்று பார்க்கிற மீதிப் பேருக்காகவும், இதில் இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

ட்ரோனில் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஜிபிஎஸ், காற்றழுத்தமானி, சென்சார் எல்லாம் சேர்ந்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹெலியில் கையை எடுத்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். வேகம் கூடும், உயரம் குறையும், அப்புறம் தரை. எண்ணெய் தடவிய தட்டில் கோலிக்குண்டை நடுவிலேயே வைத்திருப்பது போன்ற வேலை இது. விமான மாடல் ஓட்டிப் பழகியவர்களும் இங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். விமானம் முன்னால் போய்க்கொண்டிருக்கிற வரைக்கும் தன்னைத்தானே ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஹெலியில் முதலில் கற்க வேண்டியதே அந்தரத்தில் ஓரிடத்தில் நிறுத்துவது. அதை ஹோவர் என்பார்கள். கடினமான பாடம் முதல் நாளிலேயே வந்துவிடுகிறது.

கடையில் ஹெலிகாப்டர் என்று விற்பதெல்லாம் ஒரே ரகம் கிடையாது. மால்களில் பிள்ளைகளுக்கு விற்கிற, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு விசிறி எதிரெதிராகச் சுற்றுகிற ரகத்தைக் கோஆக்சியல் என்பார்கள். வரவேற்பறையில் அதை யாரும் ஓட்டிவிடலாம். ரேடியோவைப் பிடிக்கவும் திசை பழகவும் உதவும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அடுத்தது ஒற்றை விசிறி, ஆனால் பிளேடின் கோணம் மாறாது. ஏற இறங்க மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மூன்றாவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பேசுகிற ஹெலி: கலெக்டிவ் பிட்ச். மோட்டார் ஒரே வேகத்தில் சுற்ற, பிளேடுகளின் கோணம் மாறி ஹெலி ஏறும், இறங்கும். நிஜ ஹெலிகாப்டரும் இப்படித்தான். ஹோவரில் பிளேடு ஏறக்குறைய 5 டிகிரி கோணத்தில் இருக்கும். கோணத்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் தலைகீழாகவும் பறக்கும், அது நமக்கு இப்போது வேண்டாம்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில் ரேடியோ, அடுத்து சிமுலேட்டர், கடைசியில்தான் ஹெலி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஹெலியோடு பெட்டியில் வருகிற மலிவு ரிமோட் அந்த ஹெலியோடு சேர்ந்தே செத்துப் போகும். தனியாக வாங்கிய ரேடியோ பத்து வருடம் கூட வரும். கலெக்டிவ் பிட்ச் ஹெலிக்குக் குறைந்தது ஆறு சேனல் வேண்டும்: த்ராட்டில் என்கிற மோட்டார் வேகம், பிட்ச் என்கிற பிளேடு கோணம், முன்பின் சாய்வு, பக்கவாட்டுச் சாய்வு, வால், ஆறாவதாகக் கைரோ (ஹெலி தானாகத் திரும்பினாலோ சாய்ந்தாலோ உணர்ந்து எதிர்க்கிற சென்சார்). சின்ன பட்ஜெட்டில் ஃபிளைஸ்கை, கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ரேடியோமாஸ்டர் என்று ஆரம்பிக்கிறவர்கள்தான் இங்கே அதிகம். வாங்கும்போது மோடு 1, மோடு 2 என்று கேட்பார்கள். நான் மோடு 2: இடது கையில் ஏற்ற இறக்கமும் வால் திருப்பமும், வலது கையில் சாய்வுகள். உங்களுக்குக் கற்றுத் தரப் போகிறவர் எந்த மோடோ அதையே வாங்குங்கள். ஆபத்து நேரத்தில் அவர் ரேடியோவைப் பிடுங்கிக் காப்பாற்ற வேண்டும் அல்லவா?

சிமுலேட்டர் என்றால் ரியல்ஃபிளைட், அக்யூஆர்சி, ஹெலி-எக்ஸ் மாதிரி கணினியில் ஓடுகிற மென்பொருள். உங்கள் ரேடியோவையே கேபிளில் இணைத்து ஓட்ட வேண்டும். கீபோர்டில் ஓட்டிப் பழகுவதும் ஓட்டாமல் இருப்பதும் ஒன்றுதான். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர்கள் முதல் நாளே தலைகீழாகப் பறக்க விட்டு, விழுந்ததும் ரீசெட் பொத்தானைத் தட்டி, மறுபடி பறக்க விட்டு, மறுபடி விழ விட்டு, நன்றாகச் சிரித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். அதில் கை ஒன்றே ஒன்றைத்தான் கற்கிறது: நிலைமை கைமீறினால் ரீசெட்டைத் தேட வேண்டும் என்று. மைதானத்தில் ரீசெட் கிடையாது. அங்கே இருப்பது த்ராட்டில் ஹோல்டு என்கிற சுவிட்ச். அதைத் தட்டினால் மோட்டாருக்குப் போகிற மின்சாரம் உடனே நிற்கும். ஆகவே சிமுலேட்டரிலேயே, விழப் போகிறது என்று தெரிந்த கணத்தில் ஹோல்டைத் தட்டிய பிறகுதான் ரீசெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகிற பிளேடோடு தரையில் மோதிய ஹெலிக்கும் மோட்டாரை நிறுத்திய பின் மோதிய ஹெலிக்கும் பழுதுச் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. மண்ணுக்குள் பிளேடு சிக்கிக்கொண்டு மோட்டார் இன்னும் முக்கிக்கொண்டிருந்தால் ஸ்பீடு கன்ட்ரோலரும் சேர்ந்து எரியும்.

சரி, சிமுலேட்டரில் என்ன பழகுவது? ஹெலியின் வால் நம்மைப் பார்த்தபடி, மூக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி ஹோவர். இதுதான் ஆரம்ப நிலை. நாமே உள்ளே உட்கார்ந்திருப்பது மாதிரி வலது வலதாகவும் இடது இடதாகவும் இருக்கும். இதில் எல்லோரும் தடுமாறுகிற ஒரு இடம் வால் ஸ்டிக். வலது பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும், வால் இடப்பக்கம் வரும். நமக்குப் பக்கத்தில் இருப்பது வால் என்பதால் கண் வாலையே பார்க்கும், கை தப்பாகத் தள்ளும். எப்போதும் மூக்கைப் பாருங்கள்.

அப்புறம் ஹெலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். முதலில் அரைவாசித் திருப்பம், பிறகு முழுப் பக்கவாட்டு. வலது பக்கம் பார்த்து நிற்பது, இடது பக்கம் பார்த்து நிற்பது இரண்டையும் சமமாகப் பழக வேண்டும். எல்லோருக்கும் ஒரு பக்கம் சுலபமாக வரும், அதையே செய்துகொண்டிருக்கத் தோன்றும். வராத பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். கடைசியில் மூக்கு நம்மைப் பார்த்த நிலை. அங்கேதான் மூளை குழம்பும். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ஹெலி தன்னுடைய வலப்பக்கம் சாயும், அது நம் கண்ணுக்கு இடப்பக்கம். அதை உட்கார்ந்து கணக்குப் போட நேரம் இருக்காது. இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: ஹெலி எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, தாழ்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள். இந்தச் சூத்திரம் பக்கவாட்டுச் சாய்வுக்கு மட்டும்தான். முன்பின் சாய்வுக்கு, ஸ்டிக்கை முன்னே தள்ளினால் ஹெலி நம்மை நோக்கி வரும் என்பதைக் கண் பழக வேண்டும், வேறு வழி இல்லை.

தினமும் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒரேயடியாக உட்காருவதைவிட அது மேல். களைத்த பிறகு பழகுவது தப்பான பழக்கத்தைத்தான் உட்கார வைக்கும்.

இனி, எங்கே பறப்பது? இந்த ஊரில் இது சிக்கலான விஷயம். பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வடக்கே ஜக்கூர் விமானத்தளம், அதற்கு மேல் எலகங்கா விமானப்படைத் தளம், அதற்கும் மேல் தேவனஹள்ளி சர்வதேச விமான நிலையம். வரைபடத்தை விரித்தால் ஊரின் பெரும்பகுதி ஏதாவது ஒரு ஓடுபாதையின் வளையத்துக்குள் வந்துவிடும். 2021 ஆகஸ்டில் வந்த, நம் ஹெலிக்கும் பொருந்துகிற ட்ரோன் விதிகளுக்குப் பிறகு அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளி வரைபடம் இருக்கிறது. பச்சையில் 400 அடி வரை, விமான நிலையச் சுற்றளவிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் வரும் பச்சையில் 200 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். 2 கிலோவுக்குள் இருக்கிற கருவியை வணிக நோக்கம் இல்லாமல் ஓட்ட பைலட் உரிமம் வேண்டாம். நாம் பழகுகிற ஹெலி ஒரு கிலோவைத் தொடாது, உயரமும் தென்னை மர உயரத்துக்கு மேல் போகாது. ஆனாலும் சிவப்பு சிவப்புதான். இடத்தை முடிவு செய்வதற்கு முன்னால் வரைபடத்தைப் பாருங்கள், நிறங்கள் மாறுவதுண்டு.

ஆகவே நாங்கள் ஊருக்கு வெளியேதான் போகிறோம். ஆனேக்கல் பக்கம், ஓசகோட்டை தாண்டி, கனகபுரா சாலையில் உள்ளே. இந்த ஊர் தந்த ஒரு வசதி, மனை போட்டு விற்காமல் கிடக்கிற லேஅவுட்டுகள். தார்ச்சாலை, மின்கம்பம், பூங்கா என்று பெயர்ப்பலகை எல்லாம் இருக்கும், ஒரு வீடும் இருக்காது. தார்ச்சாலை தரையிறங்க அருமையான இடம், ஆனால் மின்கம்பிகள் ஓடாத மூலையாகப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே உரிமையாளரின் ஆட்களிடம் கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், கேட்காமல் போனால் கேட்டில் இருக்கிற தாத்தாவுக்கு ஒவ்வொரு வாரமும் ட்ரோன் இல்லை என்று விளக்க வேண்டும். கேழ்வரகு அறுத்த வயல் வேண்டாம். அறுத்த தாள் முனையில் ஹெலியின் அடியிலுள்ள சறுக்குக்கால் மாட்டினால் அது அங்கேயே கவிழும்.

காற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசுகிற காற்றில் புதியவர்களுக்கு வேலை இல்லை. மற்ற மாதங்களில் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை பொன்னான நேரம். பருந்துகளையும் கவனியுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் காற்று மேலெழும்பத் தொடங்கியதும் அவை வட்டமிட வந்துவிடும். பருந்து கீழிறங்கி வந்தால் நாம் இறக்கிவிட வேண்டியதுதான், அது அதனுடைய இடம்.

எங்கள் கூட்டத்தில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் ஹெலிகாப்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். விமானபுரா பக்கத்தில் வீடு. பூர்வீகம் திருப்பத்தூர், மூன்று தலைமுறையாக பெங்களூர். நாங்கள் எல்லோரும் சார் என்போம், அவருக்கு நாங்கள் எல்லோரும் தம்பி. ஐம்பத்தைந்து வயதுக்காரரும் தம்பிதான். முதல்முறை நான் ஹெலியை எடுத்துக்கொண்டு போனபோது சார் பறக்க விடவில்லை. பெட்ஷீட் ஒன்றைத் தார்ச்சாலையில் விரித்தார். அதன் மேல் ஹெலியை வைத்து, பிளேடுகளைக் கழற்றச் சொன்னார். பிளேடு இல்லாமல் பேட்டரியை மாட்டி, ஒவ்வொரு ஸ்டிக்காகத் தள்ளச் சொல்லி, பிளேடுகளுக்குக் கீழே சாய்வைக் கடத்துகிற தட்டான ஸ்வாஷ்பிளேட்டைக் காட்டினார்.

"முன்னால தள்ளு தம்பி. தட்டு எந்தப் பக்கம் சாயுது?"

"முன்னால சார்."

"வலது?"

"வலதுதான்."

"இப்ப ஹெலியைக் கையில தூக்கி மூக்கை இடது பக்கம் வெடுக்குனு திருப்பு. வால் பிளேடு எந்தப் பக்கம் மடங்குது பாரு."

கைரோ சரியாக இருந்தால், நாம் மூக்கை இடப்பக்கம் திருப்பும்போது அது வலது ஸ்டிக் கொடுத்த மாதிரி வால் பிளேடை மடக்கி எதிர்க்கும். தலைகீழாக அமைந்திருந்தால் ஹெலி தரையை விட்டு எழும்பும் முன்பே பம்பரமாகச் சுழலும். சாய்வுக்கும் இதே சோதனை: ஹெலியை முன்பக்கம் சாய்த்தால் தட்டு பின்பக்கம் சாய்ந்து சமன் செய்யப் பார்க்க வேண்டும். புதிதாக அமைத்த ஹெலி முதல் எழும்பலிலேயே சிதறுவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். இரண்டு நிமிட வேலை. அவர் இன்னும் ஒவ்வொரு காலையும் செய்கிறார், நாற்பது வருடம் நிஜ ஹெலிகாப்டரோடு இருந்தவர்.

அதற்குப் பிறகு அவர் செய்தது, ஒவ்வொரு இணைப்புக் குமிழையும் விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தது. பிளாஸ்டிக் கண்ணியில் உட்கார்ந்திருக்கிற சின்ன உருண்டைகள் அவை, லேசாக ஆடினால் மாற்ற வேண்டும். பிளேடு திருகுகளை இறுக்கும் அளவு: ஹெலியைப் பக்கவாட்டில் பிடித்தால் பிளேடு தன் கனத்தில் தொங்கிவிடக் கூடாது, லேசாக உதறினால் அசைய வேண்டும். அப்புறம் பிளேடைப் பிடித்து ஹெலியைத் தூக்கி, பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, கனம் சரியாக நடுத்தண்டுக்கு நேராக வருகிறதா என்று பார்த்தார்.

அதன்பின்தான் பத்து அடி தள்ளி நிற்கலாமா என்று கேட்டேன். இருபத்தைந்து அடி என்றார். காரணம் கணக்கில் இருக்கிறது. 450 என்பது ஹெலியின் அளவு ரகம். அதன் பிளேடு 325 மில்லிமீட்டர், விசிறியின் விட்டம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிளேடு முனை மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூங்காவில், நன்றாகப் பழகிய 19 வயது இளைஞர் ஒருவர் தன் சொந்த ஹெலி தாக்கி இறந்தார். அது 450 ரகத்தைவிட மிகப் பெரியது. ஆனால் 450 ரகமும் விரலை எடுக்கும். பிள்ளைகள் ஓடி வந்தால் முதலில் ஹோல்டு, மற்றதெல்லாம் அப்புறம். ஹோல்டைப் போடாமல் யாரும் ஹெலிக்குப் பக்கத்தில் போவதில்லை, பேட்டரி மாட்டும்போதும் எடுக்கும்போதும் ஹோல்டு போட்டே இருக்கும்.

முதல் ஹோவரைப் பற்றிப் பலரும் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "தரையோட தரையா அரை அடி உயரத்துல பழகு, விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் விசிறியின் விட்டத்துக்குக் குறைவான உயரத்தில், கீழே தள்ளிய காற்று தரையில் பட்டுச் சுழன்று திரும்ப ஹெலியையே உலுக்கும். சறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போய்க் கால் தட்டினால் கவிழ்வது நிச்சயம். ஸ்டிக்கை உறுதியாகக் கொடுத்து இடுப்பு, மார்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டால் ஹெலி அமைதியாகும். தவறைத் திருத்த நேரமும் கிடைக்கும். காலுக்குக் கீழே குறுக்காகக் கட்டுகிற பயிற்சிக் கம்பிகள், நான்கு முனையிலும் பிளாஸ்டிக் பந்தோடு வருபவை, ஆரம்பத்தில் கட்டாயம். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

இன்னொன்று, யாரும் சொல்லாவிட்டால் குழப்புகிற விஷயம். ஹெலி எழும்பியதும் இடப்பக்கம் நகரும், நிறுத்தி வைத்தால் லேசாக வலப்பக்கம் சாய்ந்தே நிற்கும். ஏதோ கோணலாக மாட்டிவிட்டோம் என்று புதியவர்கள் ரேடியோவில் ஸ்டிக்கின் நடுநிலையைச் சரிசெய்கிற டிரிம்மைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். கோணல் ஒன்றும் இல்லை. நம் மாடல்களில் விசிறி மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றுகிறது, அதற்கு எதிராக உடம்பு மறுபக்கம் சுழலப் பார்க்கும். வால் விசிறி அதைத் தடுக்க வாலை இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் முழு ஹெலியும் இடப்பக்கம் நகரும். அதை ஈடுகட்டத்தான் வலப்பக்கச் சாய்வு. "வீட்டு மாடியில நின்னு துருவ் ஹோவர் பண்றதைப் பாரு தம்பி, நிஜமான மெஷினும் இந்தச் சமாச்சாரத்துக்கு ஏதாவது வழி பண்ணித்தான் ஆகணும்" என்றார் சார். துருவ் எச்.ஏ.எல். தயாரிக்கிற ஹெலிகாப்டர், அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது இலவசக் காட்சி. 1992 ஆகஸ்டில் துருவ் முதன்முதலாகப் பறந்ததும் இதே பெங்களூரில்தான். அதே துருவ்களை வைத்துக்கொண்டு சாகசம் செய்கிற சாரங் குழு நம்ம கோயம்புத்தூர் சூலூரில் இருக்கிறது என்பதைச் சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் மலரும்.

இன்றைய சின்ன ஹெலிகள் சிலவற்றில் ரெஸ்க்யூ என்று ஒரு சுவிட்ச் உண்டு, தட்டினால் தானே நிமிர்ந்து மேலேறும். தானாகச் சமன் செய்கிற மோடும் உண்டு. ரெஸ்க்யூவை வைத்துக்கொள்ளுங்கள், பயம் தெளியும். சமன் மோடிலேயே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். அதில் பழகிய கை, அது இல்லாத ஹெலியில் ஆரம்பத்திலிருந்து பழக வேண்டியிருக்கும்.

விழும். எல்லோருடையதும் விழும். விழுந்த பின் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஹோல்டு, பிறகு பேட்டரியைக் கழற்று, அதன்பின்தான் பாகங்களைப் பொறுக்கு. பார்வைக்கு நன்றாக இருப்பதை நம்பாதீர்கள். பிளேடுகளைப் பிடித்து நிறுத்துகிற கிடைத்தண்டும், நடுவில் நிற்கிற முதன்மைத் தண்டும் மயிரிழை வளைந்திருந்தாலும் ஹெலி நடுங்கும், அந்த நடுக்கம் கைரோவைக் குழப்பும். இரண்டையும் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். வீட்டில் கண்ணாடி போட்ட டீப்பாய் இருந்தால் போதும். உருளும்போது கீழே வெளிச்சக் கீற்று மினுக்கினால் தண்டு வளைந்திருக்கிறது. நிமிர்த்தப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பெரிய பல்சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச்சுற்று கையால் சுற்றினால் பல் போன இடத்தில் 'டக்' என்று ஒரு தட்டல் விரலுக்குத் தெரியும். வால் குழாயில் சின்ன நெளிவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

ஆகவே எந்த ஹெலியை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில், இந்த உதிரிபாகங்கள் எதற்கு ஒரு வாரத்தில் கையில் கிடைக்குமோ அது. மினுமினுப்பான விளம்பரத்தைப் பார்த்து வாங்கி, ஒரு கிடைத்தண்டுக்காக இரண்டு மாதம் காத்திருக்கிறவர்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு. 2022 பிப்ரவரியில் முழுதாகத் தயாரித்த வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு, பறக்கிற எதுவாக இருந்தாலும் பார்சல் வருமா வராதா என்ற கவலை சேர்ந்துகொண்டது. இங்கேயே இருப்பு வைத்து விற்கிறவரிடம் வாங்குவது நிம்மதி. கூட்டத்தில் யாராவது விற்கிற பழைய 450 ரகம் இன்னும் நல்லது. அதை அமைத்தவரே பக்கத்தில் இருப்பார். ஆரம்பத்தில் கார்பன் பிளேடு வேண்டாம், மரமோ பிளாஸ்டிக்கோ போதும்.

மற்ற சாமான்களுக்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது. டவுன் ஹால் பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்தால் கனெக்டர், சிலிக்கான் ஒயர், ஈயம், சின்ன அளவு ஸ்க்ரூ, பேரிங் எல்லாம் கிடைக்கும். பேரம் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடியும், நடுவில் கொஞ்சம் இந்தி. ஒரு பொருளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: ஆலன் கீ. முனை மழுங்கிய கீயால் ஸ்க்ரூவின் தலையைச் சிதைத்துவிட்டு, பின்னால் அதைத் துளைபோட்டு எடுக்கிற கஷ்டம் எதிரிக்கும் வரக்கூடாது. உலோகத்துக்குள் போகிற ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு துளி நீல நிற திரெட்லாக். பிளாஸ்டிக்குக்குள் போகிற ஸ்க்ரூவுக்கு அது கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

வீட்டில் சண்டை வருவது ஹெலியால் இல்லை, பேட்டரியால். ஹெலியில் போடுகிற லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம் என்பதை எங்கள் வீட்டில் யாரோ காணொளியில் பார்த்துவிட்டார்கள், நியாயமான பயம்தான். எங்கள் ஏற்பாடு: பால்கனியில் சிமெண்ட் தரையின் மேல் மண்சட்டி, அதற்குள் தீ தாங்கும் பை, அதில்தான் சார்ஜ். என் மாமியாரின் மீன்சட்டி அது, திரும்பக் கேட்பதை அவர் நிறுத்திவிட்டார். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது கிடையாது. 2200 மில்லியாம்ப்-ஹவர் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நிறைகிற வேகம் போதும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் முழு அளவு. பறக்காத வாரங்களில் முழுதாக நிறைத்து வைக்காமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், சார்ஜரிலேயே ஸ்டோரேஜ் என்று அதற்கு ஒரு தேர்வு இருக்கும். உப்பிய பேட்டரியை இன்னும் ஒருமுறை பார்க்கலாம் என்று வைத்திருக்காதீர்கள்.

ரேடியோவில் டைமரை நான்கு நிமிடத்துக்கு வைப்பது எங்கள் வழக்கம். பேட்டரி காலியாகும்வரை ஓட்டினால் பேட்டரியும் கெடும், கடைசி அரை நிமிடத்தில் பலம் குறைந்த ஹெலியை இறக்குவதும் பதற்றம். இந்த ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம், காற்று இங்கே சென்னையைவிட ஏறக்குறைய எட்டு சதவீதம் லேசு. சென்னையில் பறக்கிற நண்பரின் அமைப்பை அப்படியே இங்கே போட்டால் ஹெலி கொஞ்சம் சோம்பலாகத் தெரியும். சுற்று வேகத்தைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும், பறக்கும் நேரம் கொஞ்சம் குறையும். டிசம்பர் காலைக் குளிரில் பேட்டரியை எடுத்ததும் மாட்டாமல் கொஞ்ச நேரம் ஜாக்கெட் பைக்குள் வைத்திருங்கள், குளிர்ந்த லிப்போ சுறுசுறுப்பாக மின்சாரம் தராது.

ஹோவர் எல்லாத் திசையிலும் வந்துவிட்டால் முன்னோக்கிப் பறப்பது வியக்கத்தக்க அளவுக்கு எளிது. வேகம் கிடைத்ததும் விசிறிக்குப் புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும், ஹெலி இலகுவாகிவிடும். முதலில் நமக்கு முன்னால் இடம் வலமாக, திருப்பங்கள் எப்போதும் நம்மை விட்டு விலகிய பக்கமாக. பிறகு எட்டு வடிவம். இறக்கும்போது மட்டும் கவனம். மேலே நிறுத்திவிட்டு நேர்க்கீழே வேகமாக இறக்கினால், தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ஹெலி விழும், ஸ்டிக்கை எவ்வளவு கூட்டினாலும் தாங்காமல் தள்ளாடும். நிஜ ஹெலிகாப்டர்களையும் கவிழ்க்கிற விஷயம் அது. முன்னோக்கி நகர்ந்தபடி சரிவாக இறக்கினால் இந்தப் பிரச்சினை வராது. சிக்கிக்கொண்டால் ஏற்றப் பார்க்காமல் ஏதாவது ஒரு பக்கம் நகர்த்தி வெளியே கொண்டு வாருங்கள்.

இப்போது சார் எங்களுக்குக் கற்றுத் தந்துகொண்டிருப்பது ஆட்டோரொடேஷன். உயரத்தில் த்ராட்டில் ஹோல்டைத் தட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு, இறங்குகிற வேகத்திலேயே விசிறியைச் சுற்ற வைத்து, தரைக்குப் பக்கத்தில் பிளேடு கோணத்தைக் கூட்டி மெத்தென்று உட்கார வைப்பது. மோட்டார் செத்தாலும் ஹெலி தப்பிக்க வழி இது ஒன்றுதான். காற்று எதிரில் சீராக வீச வேண்டும், சாலையில் யாரும் இருக்கக் கூடாது, கையில் ஒரு ஜோடி உதிரி சறுக்குக்கால் இருக்க வேண்டும். சறுக்குக்காலை நான் மொத்தமாகவே வாங்கி வைத்துவிட்டேன். யாருக்காவது வேண்டுமானால் 450 அளவு மட்டும் இருக்கிறது, வெள்ளை நிறம்.